நார்வா: எல்லையாக இராத காலமே மிகுதியான ஓர் ஆற்றங்கரை நகரம்

எஸ்தோனியாவின் கிழக்குக் கோடியில், பெய்ப்புஸ் ஏரியில் தொடங்கி 77 கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் பின்லாந்து வளைகுடாவில் கலக்கிறது நார்வா ஆறு. நீளம் குறைவுதான், ஆயினும் அந்நாட்டின் ஆறுகளுள் மிகுதியான நீரைச் சுமந்து செல்வது இதுவே. ஆற்றின் பெயரையே தாங்கிய நார்வா நகரம் மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்குக் கரையில் இருப்பது ரஷ்யாவின் இவான்கோரத். இரு கரைகளிலும் ஒன்றையொன்று நோக்கியபடி, கூப்பிடு தூரத்தில் இரண்டு இடைக்காலக் கோட்டைகள் நிற்கின்றன. இன்று ஐரோப்பிய ஒன்றியமும் நேட்டோ அமைப்பும் முடிந்து ரஷ்யா தொடங்கும் கோடு அந்த இரு கோட்டைகளுக்கும் நடுவே, தண்ணீரின்மீது செல்கிறது.

நார்வாவைப் பற்றிய பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காட்சியோடு நின்றுவிடுகின்றன. காலையில் தலைநகர் தாலினிலிருந்து வந்து, இரு கோட்டைகளும் ஒரே படத்தில் அமையும்படி ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டு, மாலை ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், கிழக்கும் மேற்கும் தொன்றுதொட்டு இந்த ஆற்றில்தான் பிரிந்து நின்றன என்று எண்ணிக்கொள்வது இயல்பு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்பதையே இந்தப் பதிவில் எழுத விரும்புகிறேன். 1617ஆம் ஆண்டிலிருந்து 1991ஆம் ஆண்டுவரை, போர்க்காலங்களைத் தவிர்த்துப் பார்த்தால், இந்த ஆறு இரு நாடுகளுக்கு இடையிலான எல்லையாக இருந்ததே இல்லை. இரு கரைகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த அந்தக் காலத்தில்தான் நார்வா வளர்ந்தது, அழகு பெற்றது, தொழில் நகரமாயிற்று. அதைத் தெரிந்துகொண்டு நடப்பவருக்கு இந்த ஊரின் ஒவ்வொரு தெருவும் வேறு விதமாகப் பொருள்படும்.

தொடக்கத்தில் எல்லையாக இருந்தது உண்மைதான். 13ஆம் நூற்றாண்டில் வடக்கு எஸ்தோனியாவைக் கைப்பற்றிய டென்மார்க் அரசு, ஆற்றைக் கடக்கும் வணிகப் பாதையைக் காப்பதற்காக இங்கே ஒரு கோட்டையை அமைத்தது. முதலில் மரத்தால் கட்டப்பட்டது, பின்னர் கல்லால் எழுப்பப்பட்டது. 1343இல் வெடித்த எஸ்தோனிய மக்களின் பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தத் தொலைநிலத்தைக் கட்டி ஆள்வது டென்மார்க்குக்குச் சுமையாகிவிட்டது. 1346இல் நான்காம் வால்டெமார் மன்னர் நார்வா உள்ளிட்ட முழு நிலப்பகுதியையும் 19,000 மார்க் வெள்ளிக்கு ஜெர்மானிய வீரத்துறவியரின் சபைக்கு விற்றுவிட்டார். அச்சபையின் லிவோனியக் கிளை (லிவோனியா என்பது இன்றைய எஸ்தோனியா, லாத்வியா நிலப்பகுதியின் பழைய பெயர்) நார்வாவின் புதிய அதிபதியாயிற்று.

எதிர்க்கரை அதுவரை வெறும் கரையாகவே இருந்தது. நோவ்கொரத் என்னும் ரஷ்ய வணிக நகர அரசைத் தன் ஆட்சியில் இணைத்துக்கொண்ட மாஸ்கோவின் மூன்றாம் இவான், 1492இல் நார்வாவுக்கு நேர் எதிரே ஒரு கோட்டையை எழுப்பித் தன் பெயரையே அதற்குச் சூட்டினார். நான்கே ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டுப் படை அதைப் பிடித்துச் சூறையாடியது. பிறகு ரஷ்யர்கள் அதை முன்னிலும் பெரிதாக்கினார்கள். இக்கரையில் லிவோனியர்களும் சும்மா இருக்கவில்லை. இன்று 51 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெண்ணிறக் கோபுரமான நெட்டை ஹெர்மன், எதிர்க்கோட்டையின் உள்முற்றத்தை மேலிருந்து நோக்குவதற்காகப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. இவான்கோரத் கோட்டையோ உயரத்தை நாடாமல் அகலத்தை நாடியது. தடித்த மதில்களும் உருண்டு திரண்ட கோபுரங்களுமாக, ஆற்றுமேட்டில் நீண்டு கிடக்கிறது. இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று வளர்ந்தவை. அதனால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றொன்றைப் பின்னணிக் காட்சியாகக் கருதுவது, உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்பதைப் போன்றது.

லிவோனியாவுக்காக ரஷ்யாவும் அண்டை அரசுகளும் மோதிய லிவோனியப் போரில், 1558ஆம் ஆண்டு, நான்காம் இவானின் படைகள் நார்வாவைப் பிடித்தன. அடுத்த 23 ஆண்டுகள் அது ரஷ்யாவின் பால்டிக் துறைமுகமாக விளங்கியது. 1581இல் ஸ்வீடன் அதைக் கைப்பற்றியது. எதிர்க்கரை சிறிது காலம் கைமாறிக் கைமாறி, ரஷ்யாவும் ஸ்வீடனும் 1617ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஸ்தோல்போவோ உடன்படிக்கையோடு உறுதியாக ஸ்வீடனிடம் வந்து சேர்ந்தது. இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட நீண்ட காலம் தொடங்குகிறது.

17ஆம் நூற்றாண்டு நார்வாவின் பொற்காலம். 1659ஆம் ஆண்டின் பெருந்தீயில் ஊர் எரிந்தபின், நகருக்குள் இனி மர வீடுகள் கூடாது, கல் வீடுகளே எழவேண்டும் என்று ஆணை பிறந்தது. ஒரே தலைமுறைக்குள், ஒரே பாணியில், செதுக்கிய கல் வாயில்களும் கூரிய கூரைகளும் கொண்ட பரோக் (அக்கால ஐரோப்பாவின் அலங்காரக் கட்டடக்கலை) நகரம் ஒன்று ஆற்றுமேட்டில் உருவாயிற்று. வட ஐரோப்பாவின் அழகிய நகரங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. நகர மண்டபம் 1668க்கும் 1671க்கும் இடையில் கட்டப்பட்டது. நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஸ்வீடனின் புகழ்பெற்ற அரண் வல்லுநர் எரிக் டால்பெர்க் வகுத்த திட்டப்படி நகரைச் சுற்றிக் கொத்தளங்கள் எழுந்தன. விக்டோரியா, ஹானர், குளோரியா, ஃபாமா என்று இலத்தீன் பெயர்கள் சூட்டப்பட்ட அவை இன்றும் பெருமளவு நிலைத்திருக்கின்றன. விக்டோரியா கொத்தளத்தின்மேல் அடர்ந்த மரங்களோடு அமைந்திருக்கும் பூங்காவுக்கு இருள்தோட்டம் என்று பெயர். கோட்டைக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைக்கும் இடம் அதுதான். அங்கிருந்து ஆறு வளைவதையும், எல்லைப் பாலத்தையும், அப்பால் இவான்கோரத் மதிலையும் ஒருசேரக் காணலாம். கோட்டையில் இருக்கும் கூட்டமும் அங்கே இருப்பதில்லை.

கொத்தளங்களின் பணி முழுமை பெறுவதற்கு முன்பே போர் வந்தது. 1700ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரஷ்யாவின் முதலாம் பீட்டர் நார்வாவை முற்றுகையிட்டார். 18 வயதே ஆன ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், முற்றுகைப் படையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லாத தன் படையோடு, நவம்பர் 30ஆம் நாள் பனிப்புயல் எதிரியின் முகத்தில் அறைந்த வேளையில் தாக்கி, ரஷ்யப் படையைச் சிதறடித்தார். பீட்டர் அதற்குச் சற்று முன்னர்தான் பாசறையை விட்டுச் சென்றிருந்தார். ஐரோப்பா முழுவதும் வியந்த இந்த வெற்றி நிலைக்கவில்லை. தோல்வியிலிருந்து பாடம் கற்ற பீட்டர், படையைப் புதிதாகக் கட்டியெழுப்பி 1704இல் திரும்பி வந்து நகரத்தைப் பிடித்தார். வெற்றி பெற்ற சார்லஸைவிடத் தோற்ற பீட்டருக்கே நார்வா அதிகம் பயன்பட்டது என்பது என் கருத்து. 1700ஆம் ஆண்டுப் போரின் நினைவாக 1936இல் நிறுவப்பட்ட ஸ்வீடன் சிங்கச் சிலை இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயிற்று. 2000ஆம் ஆண்டில் வைக்கப்பட்ட அதன் மறுவடிவத்தை இன்று ஆற்றோரத்தில் காணலாம்.

ரஷ்யப் பேரரசின் காலத்தில் நார்வா போர்முனையாக இல்லாமல் போனது. அதன் இரண்டாவது வாழ்க்கை பருத்தியால் வந்தது. நகருக்குத் தெற்கே ஆறு கிரேன்ஹோல்ம் என்னும் தீவின் இருபுறமும் அருவியாக விழுந்தது. அந்த நீரின் விசையை நம்பி, ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் பெருவணிகராக உயர்ந்த லுட்விக் க்னோப் 1857இல் இங்கே பஞ்சாலை ஒன்றை நிறுவினார். இங்கிலாந்தின் லாங்கஷயர் இயந்திரங்களை ரஷ்யாவெங்கும் கொண்டுவந்து நிறுவியவர் அவர். கிரேன்ஹோல்ம் ஆலை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் உலகின் மிகப் பெரிய பஞ்சாலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. பல்லாயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். ஆலையைச் சுற்றிச் செங்கல் குடியிருப்புகள், மருத்துவமனை, பள்ளி, பூங்கா என்று ஒரு தனி ஊரே எழுந்தது. தொழிலாளர்களின் வாழ்க்கை அந்தக் கட்டடங்களைப் போல் அழகாக இருந்ததாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நீண்ட வேலை நேரம், கடுமையான அபராதங்கள், குழந்தைத் தொழில், இவற்றோடு காலராவும் சேர்ந்துகொள்ள, 1872இல் எஸ்தோனியரும் ரஷ்யருமாகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரஷ்யப் பேரரசின் முதல் பெரிய வேலைநிறுத்தங்களுள் ஒன்றான அதை அடக்கப் படை வரவழைக்கப்பட்டது.

நார்வாவின் இரண்டு பெரிய தேவாலயங்களும் இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்தவையே. எண்கோண வடிவில் அமைந்த அலெக்சாந்தர் தேவாலயம் கிறித்தவத்தின் லூதரன் பிரிவைச் சேர்ந்த எஸ்தோனியருக்காக 1884இல் நிறைவடைந்தது. குவிமாடங்களும் செங்கல் பட்டைகளும் கொண்ட உயிர்த்தெழுதல் தேவாலயம் ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்த ரஷ்யருக்காக 1896இல் நிறைவடைந்தது. ஒரே ஆலையில் அருகருகே நின்று வேலை பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு திசைகளில் நடந்திருக்கிறார்கள்.

ஆலை 2010இல் நொடித்து மூடப்பட்டது. அருவியின் நீரோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1950களில், நீர்மின் நிலையத்துக்காகத் திருப்பப்பட்டுவிட்டது. அந்த மின் நிலையம் இன்று ரஷ்யப் பக்கத்தில் இருக்கிறது. மிகுதி நீர் திறந்துவிடப்படும் அரிய வேளைகளில் மட்டுமே அருவி ஓடுகிறது. மற்ற நாள்களில் சுண்ணாம்புப் பாறைப் படுகை வறண்டு கிடக்கிறது. ஆலை வளாகத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே செல்ல முடியும். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். நார்வாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்று யாரேனும் என்னிடம் கேட்டால், கோட்டையை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வேன். கண்ணுக்கு எட்டிய தூரம் அடுக்கடுக்கான சாளரங்களோடு நீளும் அந்தச் செங்கல்லும் சுண்ணாம்புக் கல்லுமான கூடங்களில் நிற்கும்போது, நார்வா என்ற பெயருக்குப் பின்னால் மன்னர்களைவிட நெசவாளிகளே மிகுதி என்பது தெளிவாகிறது. ஆலை இயக்குநர் வாழ்ந்த மாளிகை இன்று கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் இல்லமாக இயங்குகிறது.

அடுத்த காலப்பகுதியை நிதானமாகச் சொல்ல வேண்டும். நார்வாவின் இன்றைய நிலைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பேரரசின் நிர்வாகத்தில் நார்வா, எஸ்தோனிய மாகாணத்தைச் சேராமல் பீட்டர்ஸ்பர்க் மாகாணத்தோடு இணைந்திருந்தது. 1917 ஜூலையில் நகர மக்கள் வாக்களித்து, தன்னாட்சி பெற்ற எஸ்தோனியாவோடு சேர முடிவு செய்தார்கள். 1918 நவம்பர் 28ஆம் நாள் சோவியத் ரஷ்யாவின் செம்படை நார்வாவைத் தாக்கியதோடு எஸ்தோனியாவின் விடுதலைப் போர் தொடங்கியது. 1919 ஜனவரியில், பின்லாந்துத் தொண்டர்களின் துணையோடு நகரம் மீட்கப்பட்டது. 1920 பிப்ரவரி 2ஆம் நாள் எஸ்தோனியாவும் சோவியத் ரஷ்யாவும் கையெழுத்திட்ட தார்த்து உடன்படிக்கை, எல்லையை ஆற்றுக்குக் கிழக்கே தள்ளி வகுத்தது. இவான்கோரத் அப்போது யானிலின் என்ற எஸ்தோனியப் பெயரோடு நார்வாவின் ஒரு பகுதியாக இருந்தது. இரண்டு கோட்டைகளும் ஒரே நகராட்சிக்குள் அடங்கியிருந்த காலம் அது. சோவியத் ஆட்சியில், 1945இல், ஆற்றின் கிழக்குப் பகுதி எஸ்தோனியாவிலிருந்து பிரிக்கப்பட்டு ரஷ்யக் குடியரசோடு சேர்க்கப்பட்டது. அன்று அது ஒரே நாட்டுக்குள் வரையப்பட்ட நிர்வாகக் கோடு மட்டுமே. இக்கரையில் வீடும் அக்கரையில் வேலையுமாக மக்கள் வாழ்ந்தார்கள். 1991இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றபோது, அந்தக் கோடே இரு நாடுகளின் எல்லையாக நிலைத்துவிட்டது.

இதற்கிடையில் நகரமே இல்லாமல் போயிருந்தது. 1944இல் ஜெர்மானியப் படையும் செம்படையும் இந்த ஆற்றங்கரையில் ஆறு மாத காலம் மோதின. மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். மார்ச் 6ஆம் நாள் சோவியத் விமானங்கள் பொழிந்த குண்டுகளில் பரோக் நகரம் தரைமட்டமாயிற்று. எஞ்சியவற்றுள் பலவற்றை ஜூலையில் பின்வாங்கிய ஜெர்மானியர் தகர்த்தார்கள். ஆனால் பழைய நார்வாவின் கதை குண்டுகளோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் வேதனை. பல வீடுகளின் சுவர்கள் அப்போதும் நின்றுகொண்டிருந்தன. மீட்டெடுக்கலாம் என்று திட்டங்களும் இருந்தன. 1950களில் அந்தச் சுவர்கள் இடித்து அகற்றப்பட்டு, அந்த இடங்களில் சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பழைய குடிமக்களில் பெரும்பாலோர் திரும்பி வர அனுமதிக்கப்படவில்லை. ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் ரஷ்யாவிலிருந்தும் பிற சோவியத் பகுதிகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். போரில் அழிந்த நகரங்கள் பல. போருக்குப் பின் தன் கட்டடங்களையும் தன் மக்களையும் ஒருங்கே இழந்த நகரங்கள் சிலவே.

ஆகவே நகர மண்டபச் சதுக்கத்தில் நிற்கும்போது, இருப்பதோடு இல்லாததையும் பார்க்க வேண்டும். மீட்டுக் கட்டப்பட்ட நகர மண்டபம் அங்கே தனித்து நிற்கிறது. அதன் மூன்று பக்கங்களிலும் இருந்த வரிசை வீடுகள் இல்லை. அருகில் தார்த்து பல்கலைக்கழகத்தின் நார்வா கல்லூரி இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட இந்தப் புதிய கட்டடம், அதே இடத்தில் இருந்த பழைய வணிக மன்றத்தின் முகப்பு வடிவத்தைத் தன் முகப்பில் அச்சாகப் பதித்து ஏந்தியிருக்கிறது. பழையதைப் போலி செய்து கட்டாமல், அது இருந்த இடத்தின் வடிவத்தை மட்டும் காட்டும் இந்த முறை எனக்கு மிகவும் நேர்மையானதாகத் தோன்றுகிறது.

இன்று நார்வாவின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டியது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் ரஷ்ய மொழி பேசுவோர். எஸ்தோனியக் குடியுரிமை பெற்றோர், ரஷ்யக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே மூன்று வகையினரைக் காண முடியும். 1993இல் தன்னாட்சி கோரி நடத்தப்பட்ட வாக்கெடுப்பைச் சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் அமைதியாக அதை ஏற்றது. உக்ரைன்மீது ரஷ்யா போர் தொடுத்த பிறகு இறுக்கம் கூடியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் நகரை ஒட்டியிருந்த சோவியத் டாங்கி நினைவுச்சின்னத்தை அரசு அகற்றியது. மே 9ஆம் நாள், இரண்டாம் உலகப் போரின் வெற்றி விழாவை நார்வாவை நோக்கிய மேடையமைத்து அக்கரையில் கொண்டாடுகிறார்கள். இக்கரையிலிருந்து மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள். கோட்டைச் சுவரிலோ அருங்காட்சியகம் புதினைக் கண்டிக்கும் பெரிய பதாகையைத் தொங்கவிடுகிறது. 2024 மே மாதத்தில் எஸ்தோனியா ஆற்றில் இட்டிருந்த எல்லை மிதவைகள் சிலவற்றை ரஷ்யக் காவலர்கள் இரவோடிரவாக அகற்றினார்கள். செய்திகளில் இவற்றைப் படித்து அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்லலாம்: ஆற்றோர நடைபாதையில் மாலை வேளையில் தாத்தாக்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பதையும், எதிர்க்கரையிலும் அவ்வாறே சிலர் நிற்பதையும்தான் நான் கண்டேன்.

சதுரங்க ஆர்வலர்களுக்கு நார்வாவில் தனியாக ஒரு காரணம் உண்டு. உலகப் பட்டத்துக்கு மிக அருகில் பலமுறை வந்தும் அதற்கான ஆட்டம் வாய்க்காமலே போன பால் கெரெஸ் 1916இல் பிறந்த ஊர் இது. எஸ்தோனியா யூரோவுக்கு மாறுவதற்கு முன் புழக்கத்தில் இருந்த ஐந்து குரோன் பணத்தாளின் ஒரு பக்கத்தில் கெரெஸின் முகம். மறுபக்கத்தில் இந்த இரு கோட்டைகள்.

நார்வா கோட்டைக்குள் நகர அருங்காட்சியகம் இயங்குகிறது. நெட்டை ஹெர்மனின் உச்சிவரை ஏறலாம். கோடையில் வடக்கு முற்றத்தில் 17ஆம் நூற்றாண்டுக் கைத்தொழில்களைச் செய்து காட்டுகிறார்கள். குழந்தைகளோடு செல்வோருக்கு அது நிறைவான பொழுது. ஒருநாள் கூடுதலாக இருந்தால், ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள நார்வா-யோயெசூவுக்குப் பேருந்தில் சென்று வரலாம். பைன் காட்டை ஒட்டி நீளும் வெண்மணல் கடற்கரையும், பீட்டர்ஸ்பர்க் செல்வந்தர்கள் 19ஆம் நூற்றாண்டில் கோடைக்கு வந்து தங்கிய மர வீடுகளில் எஞ்சியவையும் அங்கே இருக்கின்றன.

தாலினிலிருந்து நார்வா ஏறத்தாழ 210 கிலோமீட்டர். ரயிலும் பேருந்தும் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் நார்வாவரை வரலாம். பாலத்தைக் கடந்து இவான்கோரத் செல்ல ரஷ்ய விசா தனியே வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவில் வந்தவர்கள் பாலத்தைக் கடந்தால், அதே விசாவில் திரும்பி வர இயலாது. 2024 பிப்ரவரி முதல் பாலத்தில் வாகனங்கள் செல்வதில்லை. நடந்து மட்டுமே கடக்கலாம். அவ்வாண்டு மே மாதத்திலிருந்து இரவில் எஸ்தோனியா வாயிலை மூடிவிடுகிறது. வரிசை நீளமாக இருக்கும். விதிகளைப் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் ஆறு உறைந்திருந்தாலும் பனிக்கட்டியின்மேல் இறங்கி நடக்கக் கூடாது. எல்லைக் கோடு தண்ணீரின் நடுவே இருப்பதால் அது எல்லை மீறலாகிவிடும். கரையோரத்தில் கைப்பேசி தானாகவே ரஷ்ய அலைவரிசைக்கு மாறி ரோமிங் கட்டணத்தை ஏற்றிவிடக்கூடும். எஸ்தோனிய வலையமைப்பைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு நடைபாதைக்கு இறங்குங்கள்.